‘மயக்கமா இருக்கு’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? – சிஸ்டர் பதில்கள்

31 வருடம் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழில். பயிற்சியில் சேர்ந்த முதல் வாரம், இரவு டியூட்டி சிஸ்டர் காலை டியூட்டி சிஸ்டரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது பேசிய ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்தது கட்டில் எண்கள் மட்டும்தான். அதற்குப் பிறகு நான் கற்ற ஆங்கிலமெல்லாம் மருந்துப் பாட்டிலிலிருந்தும் கேஸ் ஷீட்டிலிருந்தும் நோயாளிகளின் பேச்சிலிருந்தும் வந்தது. உடல்நலம், சுத்தம் பற்றிய பேச்சையும் வாசிப்பையும் வைத்து ஆங்கிலம் கற்பது குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களை ஆசிரியர் என்னிடம் கொடுத்தது அதனால்தான். எல்லோரும் என்னை ‘சிஸ்டர்’ என்றே அழைத்திருக்கிறீர்கள். சந்தோஷம்.

கேள்வி: சிஸ்டர், எனக்கு 44 வயது. மூன்று தடவை ஆங்கில இலக்கணப் புத்தகம் வாங்கி மூன்று தடவையும் பாதியில் விட்டுவிட்டேன். ‘உடம்பு, சுத்தம் பற்றிய பேச்சிலிருந்து ஆரம்பி, தானாக வரும்’ என்கிறாள் என் தங்கை. கை கழுவுவதற்கும் ஆங்கிலத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: உங்கள் தங்கை சொல்வதில் விஷயம் இருக்கிறது. இலக்கணப் புத்தகத்தில் வரும் வாக்கியத்தைச் சொல்ல உங்களுக்கு ஒரு சந்தர்ப்பமும் வாய்க்காது. கையை மட்டும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கழுவுகிறீர்கள். பத்துத் தடவை வாக்கியப் பயிற்சி, அதுவும் கை வேலையோடு சேர்ந்து.

குழாயைத் திறக்கும் முன் ‘ஐ ஆம் கோயிங் டு வாஷ் மை ஹேண்ட்ஸ்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கழுவப்போகிறேன். தேய்க்கும்போது ‘ஐ ஆம் வாஷிங் மை ஹேண்ட்ஸ்’. கழுவிக்கொண்டிருக்கிறேன். துடைத்த பிறகு ‘ஐ ஹேவ் வாஷ்ட் மை ஹேண்ட்ஸ்’. கழுவிவிட்டேன். கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘ஹேவ் வாஷ்ட்’ எதற்கு, வெறும் ‘வாஷ்ட்’ எதற்கு என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நம் தமிழில் ‘கழுவிவிட்டேன்’ ஒன்று, ‘கழுவினேன்’ இன்னொன்று. ‘கை கழுவியாச்சா?’ என்று கேட்டால் ‘கழுவிட்டேன்’ என்கிறோம். எப்போது என்பது அங்கே முக்கியமில்லை, கை இப்போது சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் ‘ஹேவ் வாஷ்ட்’. நேற்று, காலையில், ஐந்து மணிக்கு என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் ‘வாஷ்ட்’. எல்லா இடத்துக்கும் இது அச்சாகப் பொருந்தாது, ஆனால் ஆரம்பத்துக்கு நல்ல ஊன்றுகோல்.

அடுத்தது வினைச்சொற்கள். கை கழுவும் முறையை ஆங்கிலத்தில் ஐந்து சொற்களில் சொல்வார்கள்: வெட், லேதர், ஸ்க்ரப், ரின்ஸ், ட்ரை. நனை, நுரை வரவை, அழுத்தித் தேய், அலசு, ஈரம் போகத் துடை. ‘வாஷ்’ வேறு, ‘ரின்ஸ்’ வேறு. நாமும் கழுவுவதையும் அலசுவதையும் தனித்தனியாகத்தானே சொல்கிறோம்? சோப்போடு தேய்ப்பது குறைந்தது 20 விநாடி இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு என்னிடம் மூன்று வாக்கியங்கள் உண்டு. ‘ஐ ஆம் ஸ்க்ரபிங் தி பேக் ஆஃப் மை ஹேண்ட்ஸ். ஐ ஆம் ஸ்க்ரபிங் பிட்வீன் மை ஃபிங்கர்ஸ். ஐ ஆம் ஸ்க்ரபிங் அண்டர் மை நெய்ல்ஸ்.’ புறங்கை, விரலிடுக்கு, நகத்தடி. நிதானமாக இரண்டு தடவை சொன்னால் நேரமும் ஏறக்குறைய சரியாகிவிடும், பலர் விட்டுவிடும் இடங்களும் சுத்தமாகிவிடும். புதிதாகச் சேரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கேள்வி: தமிழ் தெரியாத டாக்டரிடம் அப்பாவை அழைத்துப்போனேன். ‘மயக்கமா இருக்கு’ என்றார் அப்பா. நான் ‘ஹி ஃபெய்ன்டட்’ என்று சொல்லிவிட்டேன். டாக்டர் பதறிப்போய் எப்போது விழுந்தார், தலையில் அடிபட்டதா என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அப்பா விழவே இல்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வார்டில் இந்த ஒரு சொல்லால் நடந்த குழப்பங்களை நிறையப் பார்த்தவள் நான்.

‘மயக்கம்’ என்ற ஒரு சொல்லுக்குள் தமிழில் நாலைந்து விஷயங்களைப் போட்டு வைத்திருக்கிறோம். தலை சுற்றினாலும் மயக்கம்தான், கண்ணை இருட்டிக்கொண்டு வந்தாலும் மயக்கம்தான். நினைவு தப்பி விழுந்தாலும் அதே சொல். மாத்திரை போட்டபின் வரும் தூக்கக் கலக்கத்துக்கும், சில வீடுகளில் குமட்டலுக்கும்கூட அதையே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இவை தனித்தனிச் சொற்கள், டாக்டருக்குத் தனித்தனிப் பாதைகள். அறையே சுற்றுவதுபோல் இருந்தால் ‘ஐ ஃபீல் டிஸி, தி ரூம் இஸ் ஸ்பின்னிங்’. எழுந்து நிற்கும்போது கண் இருட்டி, விழுந்துவிடுவோமோ என்றிருந்தால் ‘ஐ ஃபீல் லைட்-ஹெடட் வென் ஐ ஸ்டாண்ட் அப்’. நினைவு தப்பி விழுந்தால்தான் ‘ஐ ஃபெய்ன்டட்’. தூக்கக் கலக்கம் ‘டிரௌஸி’. குமட்டல் என்றால் ‘ஐ ஃபீல் லைக் வாமிட்டிங்’. ஆகவே மொழிபெயர்ப்பதற்கு முன்னால் அப்பாவிடம் தமிழில் கேளுங்கள்: ‘சுத்துதாப்பா, இருட்டுதா, தூக்கமா வருதா?’ பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இது வெறும் சொல் விவகாரம் அல்ல. 1980-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 18 வயதுப் பையன் ஒருவனை நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்பானிய மொழி பேசும் குடும்பம். அவன் ‘இன்டாக்ஸிகாடோ’ என்றார்கள். அவர்கள் பேச்சில் அதற்கு, சாப்பிட்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். அது ஆங்கிலத்தின் ‘இன்டாக்ஸிகேடட்’ என்று எடுத்துக்கொள்ளப்பட்டது, போதை தலைக்கேறியவன் என்று. போதைமருந்தை அதிகமாக எடுத்துக்கொண்டவன் என்று நினைத்தே சிகிச்சை நடந்தது. உண்மையில் அவனுக்கு மூளையில் இரத்தக் கசிவு. அது தெரியவர இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. கை, கால் நான்கும் செயலிழந்துபோயின. இரண்டு தரப்புமே பேச்சு புரிந்துவிட்டது என்று நம்பியதால் மொழிபெயர்ப்பாளரை யாரும் கூப்பிடவில்லை. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் நான் சொல்வது: நோயின் பெயரைத் தேடாதீர்கள், உடம்பில் நடப்பதைச் சொல்லுங்கள். ‘நீர்க்கடுப்பு’க்கு அகராதி பார்க்க வேண்டாம். ‘இட் பர்ன்ஸ் வென் ஐ பாஸ் யூரின்’ போதும். வலியைச் சொல்லத் தமிழில் எத்தனை அழகான சொற்கள்! விண்விண்ணென்று தெறித்தால் ‘த்ராபிங்’. சுருக்கென்று கத்திபோல் குத்தினால் ‘ஸ்டாபிங்’. எரிந்தால் ‘பர்னிங்’. வயிற்றைப் பிடித்து முறுக்கினால் ‘க்ராம்ப்ஸ்’. அப்புறம், ‘ஏக்’ என்பது தலை, பல், வயிறு, முதுகு, காது போன்ற சில உறுப்புகளோடுதான் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். ‘லெக்ஏக்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘மை லெக் ஹர்ட்ஸ்’ என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு கண்ணியும் உண்டு. தமிழில் காய்ச்சல் நமக்கு வருகிறது, ‘எனக்குக் காய்ச்சல்’ என்கிறோம். ஆங்கிலத்தில் காய்ச்சல் நம் கைவசம் இருக்கிறது, ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’. ‘ஐ ஆம் ஃபீவர்’ என்றால் நானே காய்ச்சல் என்று ஆகிவிடும். ‘ஐ ஹேவ் எ கோல்ட்’ என்றால் சளி பிடித்திருக்கிறது, ‘ஐ ஆம் கோல்ட்’ என்றால் குளிர்கிறது. குளிர்காய்ச்சலில் வரும் நடுக்கம் ‘சில்ஸ்’. மூன்றையும் கலந்துவிடாதீர்கள்.

எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்காமல் இருக்கமாட்டார். நாள் கணக்கு சொன்னால் ‘ஃபார்’, ஆரம்பித்த நாளைச் சொன்னால் ‘சின்ஸ்’. ‘ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’, ‘சின்ஸ் மண்டே’. நம் ஆட்கள் ‘சின்ஸ் த்ரீ டேஸ்’ என்பார்கள். டாக்டருக்குப் புரியும், கவலைப்பட வேண்டாம், மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம். மயக்கத்தைப் பிழையாகச் சொல்வதுதான் ஆபத்து.

கேள்வி: அம்மாவின் மருந்துகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். லேபிளில் உள்ள ஆங்கிலத்தைத் தடங்கலில்லாமல் வாசித்துவிடுவேன். ஆனாலும் மனதில் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கிறது. நான் வாசிப்பது எனக்குப் புரிகிறதா?

பதில்: இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வர வேண்டும். 2006-ல் அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் மருந்து லேபிள்களைக் காட்டி ஓர் ஆய்வு நடந்தது. ‘டேக் டூ டேப்லட்ஸ் பை மௌத் ட்வைஸ் டெய்லி’ என்ற வரி அதில் ஒன்று, இரண்டு மாத்திரை வீதம் நாளைக்கு இரண்டு தடவை சாப்பிடு என்று. வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 100-க்கு 71 பேர் அந்த வரியைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ‘சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எடுத்துக் காட்டுங்கள்’ என்றதும் நான்கு மாத்திரையை எடுத்துக் காட்டியவர்கள் 100-க்கு 35 பேர்தான். அத்தனைக்கும் இவர்கள் ஆங்கிலம் பேசுகிறவர்கள்.

ஆகவே லேபிளை வாசித்ததும் நிறுத்தாதீர்கள், கையால் செய்து பாருங்கள். அம்மாவின் மாத்திரைகளை நாள் முழுதுக்கும் எடுத்து மேசைமேல் வையுங்கள், காலை இத்தனை, இரவு இத்தனை என்று. பிறகு அந்த வரியைத் தமிழில் அம்மாவுக்கே சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்லட்டும். மருத்துவமனைகளில் இதை ‘டீச்-பேக்’ என்கிறோம்.

லேபிளில் பெரிய சொற்கள் பயமுறுத்தும், ஆனால் ஆளைக் கவிழ்ப்பவை சின்னச் சொற்கள். ‘அன்லெஸ்’ என்றால் ‘தவிர’. ‘டு நாட் டேக் மோர் அன்லெஸ் யுவர் டாக்டர் டெல்ஸ் யு டு’, டாக்டர் சொன்னாலொழிய அதிகம் சாப்பிடாதே. ‘மே’ என்றால் நடக்கலாம், ‘மஸ்ட் நாட்’ என்றால் கூடவே கூடாது. ‘ஆஸ் நீடட்’ என்றால் தேவைப்பட்டால் மட்டும். ‘ஆன் அன் எம்ப்டி ஸ்டமக்’ வெறும் வயிற்றில். ‘டு நாட் க்ரஷ் ஆர் ச்யூ’ என்று இருந்தால், விழுங்கச் சிரமப்படுகிறார் என்று மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடக் கூடாது. சில மாத்திரைகள் உள்ளே மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. உடைத்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ கேட்டு, வேறு வடிவில் வாங்க முடியுமா என்று பாருங்கள்.

‘ஒன்ஸ் டெய்லி’ எளிய சொல்தானே என்று தோன்றும். ‘ஒன்ஸ்’ என்பதை எழுதும் அதே எழுத்துகளுக்கு ஸ்பானிய மொழியில் 11 என்று பொருள். ஒரு தடவை என்பதை 11 என்று வாசிக்கக்கூடிய கண்கள் உலகத்தில் இருக்கின்றன. ஆல்கஹால் கலந்த கை சுத்திகரிப்பான் பாட்டிலில் ‘ஃப்ளேமபிள்’ என்றோ ‘இன்ஃப்ளேமபிள்’ என்றோ போட்டிருந்தால் இரண்டும் ஒன்றுதான், தீப்பிடிக்கும் என்று அர்த்தம். முன்னால் ‘இன்’ இருக்கிறதே, பிடிக்காது போல என்று நினைத்து அடுப்பருகே வைத்துவிடாதீர்கள். அதே மாதிரி ‘பாரசிட்டமால்’, ‘அசிட்டமினோஃபென்’ இரண்டும் ஒரே மருந்தின் இரண்டு பெயர்கள், பின்னது அமெரிக்காவில் வழங்குவது. சளிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று வாங்கும் இரண்டிலும் அதுவே இருக்கலாம். அளவு மீறினால் கல்லீரல் கெடும். ‘இன்க்ரீடியன்ட்ஸ்’ என்று போட்டிருக்கும் பகுதியை அதற்காகத்தான் வாசிக்கச் சொல்கிறேன்.

வாசிப்புப் பயிற்சிக்கு எனக்கு மிகவும் பிடித்தது ஓ.ஆர்.எஸ். பாக்கெட், வயிற்றுப்போக்கின்போது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி. நாலைந்து வரிதான், ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை உண்டு. ‘டிஸால்வ் தி என்டயர் கன்டென்ட்ஸ்’, முழுவதையும் கரை, பாதியை அல்ல. எவ்வளவு தண்ணீர் என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். சிலவற்றுக்கு ஒரு லிட்டர், சிலவற்றுக்கு 200 மில்லி. தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிப்போகும், குழந்தைக்கு அது ஆபத்து. ‘டிஸ்கார்ட் ஆஃப்டர் 24 அவர்ஸ்’, ஒரு நாளுக்குப் பின் கொட்டிவிடு. இந்த நாலு வரியைப் பிழையில்லாமல் செய்து காட்டுகிறவரை ஆங்கிலம் தெரிந்தவர் என்றே சொல்வேன்.

கேள்வி: சிறுநீர், மலம், மாதவிலக்கு பற்றி ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல், மரியாதையாக எப்படிப் பேசுவது? தமிழிலேயே எனக்கு வாய் வராது.

பதில்: டாக்டரின் அறையில் இவை சாதாரணச் சொற்கள், வலி, சளி போலத்தான். ‘யூரின்’, ‘ஸ்டூல்’, ‘பீரியட்ஸ்’. ‘ஸ்டூல்’ என்றால் உட்காரும் முக்காலி என்று மட்டும் தெரிந்தவர்கள் ‘ப்ரிங் எ ஸ்டூல் சாம்பிள்’ என்றதும் திகைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ‘லூஸ் மோஷன்’ நம் பக்கத்து டாக்டர்களுக்குப் புரியும், வெளிநாட்டில் பலருக்குப் புரியாது. ‘டயரியா’ என்று பழகிக்கொள்ளுங்கள். எத்தனை தடவை போனது, தண்ணீராகவா, இரத்தம் கலந்தா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாதவிலக்குத் தள்ளிப்போயிருந்தால் ‘மை பீரியட் இஸ் லேட்’. கடைசியாக எப்போது என்று கேட்பார்கள், முதல் நாளின் தேதியைச் சொல்ல வேண்டும். வெள்ளைப்படுதல் ‘டிஸ்சார்ஜ்’. இதே சொல்லுக்கு வீட்டுக்கு அனுப்புவது என்றும் பொருள் உண்டு. பேச்சின் போக்கில் எது என்று தெரிந்துவிடும்.

என் முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு பெரியவரைப் பார்க்க வந்த டாக்டர், ‘இஸ் ஹி பாஸிங் வாட்டர்?’ என்று கேட்டார். தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்கிறார் என நினைத்து ‘எஸ் டாக்டர்’ என்றேன். ‘பாஸ் வாட்டர்’ என்றால் சிறுநீர் கழிப்பது. அந்தப் பெரியவர் காலையிலிருந்து போகவே இல்லை. சாயங்காலம் அடிவயிறு கல்போல் வீங்கி அவர் துடித்தபோதுதான் மூத்த சிஸ்டர் கண்டுபிடித்து டியூப் போட்டார். அவர் பிழைத்து நன்றாக வீட்டுக்குப் போனார். எனக்கு அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. சபை நாகரிகத்துக்காகச் சுற்றிவளைத்துப் பேசும் சொற்கள் எல்லா மொழியிலும் உண்டு. கற்றுக்கொள்ளும் நாம் நேரான சொல்லையே வைத்துக்கொள்வோம். ‘யூரின்’ என்றே சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் சுற்றிவளைத்தால் ‘டு யு மீன் யூரின்?’ என்று கேட்டுவிடுங்கள்.

சர்க்கரை நோயை ‘ஐ ஹேவ் சுகர்’ என்று சொல்வதையும் விட்டுவிடலாம். ‘ஐ ஹேவ் டயாபிட்டிஸ்’. ‘ப்ரஷர் இருக்கு’ என்பதற்கு ‘ஹை பிளட் ப்ரஷர்’. ஹை என்பதை விழுங்கிவிடாதீர்கள், லோ-வும் உண்டல்லவா?

கேள்வி: நான் 9-ஆம் வகுப்பு மாணவி. மருத்துவச் சொற்களின் எழுத்தும் உச்சரிப்பும் ஒத்தே போவதில்லை. எப்படி நினைவில் வைப்பது?

பதில்: ஒத்துப்போகாதவற்றை ஒன்றாகக் கூட்டி வைத்துக்கொள் கண்ணு. ‘நிமோனியா’வில் முதல் எழுத்து பி (P), அது பேசாது. ‘ஃப்ளெம்’ என்ற சளிச் சொல்லில் ஜி பேசாது. ‘தம்’, ‘நம்’, ‘லிம்’ மூன்றிலும், அதாவது கட்டைவிரல், மரத்துப்போதல், கை கால் ஆகியவற்றில், கடைசி பி (B) பேசாது. ‘ஏக்’, ‘ஸ்டமக்’ இரண்டிலும் சி-எச் சேர்ந்து ‘க்’ ஆகிவிடும். வியர்வை ‘ஸ்வெட்’, இனிப்பு ‘ஸ்வீட்’. ‘ஐ ஆம் ஸ்வீட்டிங்’ என்று எழுதிவிடாதே. மூச்சு ‘ப்ரெத்’, மூச்சு விடு ‘ப்ரீத்’. தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக் கற்பதில் ஒரு குறை உண்டு. மாத்திரை என்ற ‘பில்’லும் கட்டணச் சீட்டு என்ற ‘பில்’லும் நமக்கு ஒரே மாதிரிதான் தெரியும். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லிப் பார். மாத்திரையைச் சொல்லும்போது தாள் அசைய வேண்டும்.

நீளமான சொற்களை உடைத்துப் பார்த்தால் பயம் போய்விடும். கடைசியில் ‘ஐட்டிஸ்’ வந்தால் அந்த உறுப்பில் அழற்சி. டான்சில்லைட்டிஸ், அப்பென்டிசைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ். சில சொற்களுக்குள் கதையே இருக்கும். ‘மலேரியா’ இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. கொசுதான் காரணம் என்று தெரிவதற்கு முன் வைத்த பெயர். ‘குவாரன்டீன்’ அதே மொழியின் 40 என்ற எண்ணிலிருந்து வந்தது, கப்பல்களை 40 நாள் தள்ளி நிறுத்தி வைத்ததால். ‘வேக்ஸின்’ லத்தீனில் பசுவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1796-ல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததை வைத்துத்தான் பெரியம்மையைத் தடுத்துக் காட்டினார். கதை தெரிந்த சொல் பரீட்சை முடிந்த பிறகும் மறக்காது.

கேள்வி: பேச்சு ஓரளவு வந்துவிட்டது. வாசிக்க எதை எடுப்பது? செய்தித்தாளின் ஆங்கிலம் கடினமாக இருக்கிறது.

பதில்: செய்தித்தாளைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை, பொதுமக்களுக்காக ஒவ்வொரு நோயைப் பற்றியும் எளிய ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்ப்ளஸும் அப்படித்தான். சின்ன வாக்கியம், நேரான சொல். இரண்டும் இலவசம். உலக சுகாதார நிறுவனத்தின் குறிப்புகள் இன்னும் ஒரு படி மேலே, அவற்றைப் பிறகு எடுக்கலாம். இந்தப் பக்கங்களில் ஒரு வசதி உண்டு. எந்த நோயை எடுத்தாலும் தலைப்புகள் ஏறக்குறைய ஒன்றே: சிம்ப்டம்ஸ், காசஸ், ட்ரீட்மென்ட், ப்ரிவென்ஷன். அறிகுறி, காரணம், சிகிச்சை, தடுப்பு. இரண்டு பக்கம் வாசித்தால் மூன்றாவது பக்கத்தில் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியும். ஊகிக்க ஆரம்பித்துவிட்டால் வாசிப்பு ஓடும்.

ஒரு வாரத்துக்கு ஒரே பக்கம் போதும். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ உள்ள பிரச்சினையாக இருக்கட்டும், ஏற்கெனவே தமிழில் தெரிந்த விஷயமாக இருக்கும். முதல் நாள் அகராதி தொடாமல் வாசியுங்கள். மறுநாள் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். வாரக் கடைசியில் தாளை மூடிவைத்து, அந்த நோயைப் பற்றி ஐந்து வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். பேச ஆள் கிடைத்தால் ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி என்று மாற்றி மாற்றிப் பேசலாம். டாக்டராக இருப்பதுதான் கஷ்டம், கேள்வி கேட்க வேண்டும் அல்லவா? கேள்வி வாக்கியம் அமைக்க அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

கதையாக வாசிக்க விரும்பினால் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரிய டாக்டரைப் பற்றித் தேடி வாசியுங்கள். 1847-ல் வியன்னாவில், பிரேதப் பரிசோதனை முடித்த கையோடு பிரசவம் பார்க்க வந்த டாக்டர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். பிரசவக் காய்ச்சலில் இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. ஆனாலும் அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. வாஷ், ஹேண்ட்ஸ், ஃபீவர், மதர்ஸ் என்று அவர் கதைக்கு வேண்டிய சொற்கள் பல இதற்குள் உங்களிடம் இருக்கின்றன.

கேள்வி: ஆறு வயது மகனிடம் ‘பிரஷ் பண்ணு, ஹேண்ட் வாஷ் பண்ணு’ என்று பாதிப் பாதியாகப் பேசுகிறேன். அதனால் ஆங்கிலம் வருமா?

பதில்: அதில் முழு ஆங்கில வாக்கியம் எதுவும் அவன் காதில் விழாதே. தமிழில் சொல்லும்போது முழுத் தமிழில் ‘பல் தேய், கை கழுவு’ என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்லும்போது முழு வாக்கியம்: ‘ஹேவ் யு ப்ரஷ்ட் யுவர் டீத்?’ பதிலையும் முழுசாக வாங்குங்கள்: ‘எஸ், ஐ ஹேவ்.’ பல் தேய்க்க இரண்டு நிமிடம், அதற்குள் ‘அப்பர் டீத், லோயர் டீத், இன்சைட், அவுட்சைட்’ எல்லாம் சொல்லி முடிக்கலாம்.

கேள்வி: டாக்டர் வேகமாகப் பேசும்போது புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். வெளியே வந்து யாரிடம் கேட்பது?

பதில்: தயவுசெய்து தலையாட்டாதீர்கள். நீங்கள் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அவர் அடுத்த நோயாளிக்குப் போய்விடுவார். மூன்று வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘குட் யு சே தட் அகெய்ன், ஸ்லோலி, ப்ளீஸ்?’ மெதுவாக இன்னொரு தடவை. ‘குட் யு ரைட் இட் டவுன்?’ எழுதிக் கொடுங்கள். ‘லெட் மி சே இட் பேக் டு யு.’ நான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்கிறேன். மூன்றாவது வாக்கியத்தை நீங்கள் சொன்னதும் டாக்டர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்வார். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களுக்கே இது தேவைப்படுகிறது. 15-ம் 50-ம், ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’, போனில் ஒன்றுபோலக் கேட்கும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த சிஸ்டர், அத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும், டாக்டர் போனில் சொன்ன அளவை எழுதிக்கொண்டு அப்படியே வாசித்துக் காட்டுவார். ‘ஃபிஃப்டீன். ஒன், ஃபைவ். கரெக்ட், டாக்டர்?’ மறுமுனையிலிருந்து ‘கரெக்ட்’ என்று காதில் விழுந்த பிறகுதான் போனை வைப்பார்.